நிழல் என்று நான் சொன்ன கோடு

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையிலிருந்து திரை முன்னால்தான். அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னது மூன்றாவது மணி நேரத்தில் நினைவுக்கு வந்தது. இடுப்பில் உலோகம் வைத்து நாலு மாதம் ஆகிறது. எல்க் மான் வேட்டை திறக்க இன்னும் எழுபத்தைந்து நாள். அதற்குள் நடந்துவிடுவேன்.

முன்பெல்லாம் ஆகஸ்ட் முழுவதும் மலையில் கிடப்போம், நானும் ஓரினும். இப்போது செயற்கைக்கோள் படத்தில் மேய்கிறேன். வடக்குப் பார்த்த சரிவில் அடர்ந்த மரம், ஐந்தாறு வருடம் முன்பு காடு எரிந்து புல் முளைத்த இடம், நடுவில் எங்காவது தண்ணீர். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆண் எல்க், எங்கள் பேச்சில் கொம்பன், அங்கேதான் படுத்திருப்பான். தேடிப் பிடித்து ஒரு குறி போட்டு வைத்தால், போனில் அதே குறியைப் பார்த்துக்கொண்டே நடந்து போகலாம்.

பதினொரு மணிக்கு ஓரின் வந்தான். மர ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவனுக்கு என் சமையலறைதான் அலுவலகம். என் காப்பியை ஊற்றிக்கொண்டு என் பின்னால் நின்றான்.

"என்னடா, பெட்டிக்குள்ள கொம்பன் ஏதாவது ஓடுதா?"

"ஓடுது. உன்னைப் பார்த்ததும் நின்னு சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிக்கிற கொம்பனைச் சுடறது சுலபம்."

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, நாக்கில் பென்சிலைத் தொட்டு, இன்றைய வெயிலை எழுதினான். அறுபத்தாறு வயதில் இன்னும் பென்சில். வானிலையை எழுதி வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று முப்பது வருடமாகக் கேட்கிறேன், எழுதிக்கொண்டேதான் இருக்கிறான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தேவாலயத்தில் காப்பி நேரம். கடற்கரைப் பக்கமிருந்து புதிதாகக் குடி வந்த ஒருவன், நல்ல பையன்தான், நாற்பது வயது இருக்கும், "போன வருஷம் நீங்க ரெண்டு பேரும் பெரிய கொம்பன் அடிச்சீங்களாமே, எங்க சார்?" என்று கேட்டுவிட்டான். மேஜையே அமைதியாகிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவன் மனைவியின் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக்கூடக் கேட்கலாம். எல்க் சுட்ட இடத்தைக் கேட்கக் கூடாது. கேட்டால் பொய் சொல்வார்கள். அது பாவக் கணக்கில் வராது, மரியாதைக் கணக்கில் வரும். பழைய சுரங்கத்துக்கு மேலே என்று சொன்னேன். அங்கே எல்க் என்ன, எலிகூட இல்லை. பக்கத்தில் ஓரின் பிரசங்கம் கேட்பவன் மாதிரி தலையாட்டினான்.

அந்த ஆள் விடவில்லை. போனைத் திறந்து அவன் குறி போட்டிருந்த ஓர் இடத்தைக் காட்டி, "கோடெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கு, சரிவு சாதுவா இருக்கும்ல?" என்றான். இதற்கு மட்டும் உண்மை சொன்னேன். வரைபடத்தில் உயரக் கோடு நாற்பது அடிக்கு ஒன்றுதான். முப்பத்தைந்து அடிப் பாறைச் சுவர் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும், வரைபடம் மூச்சு விடாது. அதனால் படத்தைத் தேதி மாற்றிப் பார்க்க வேண்டும், காலை வெயிலில் எடுத்தது, மாலை வெயிலில் எடுத்தது, பனி விழுந்தபின் எடுத்தது. ஒன்றில் ஒளிந்தது இன்னொன்றில் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

எங்கள் இடத்தை நானும் ஓரினும் 'அடுக்களை' என்று சொல்வோம். அங்கிருந்து ஒரு வருடமும் கறி இல்லாமல் திரும்பியதில்லை. ஓரினின் மனைவி ஆர்டித்துக்கே அந்தப் பெயர்தான் தெரியும், இடம் தெரியாது.

ஊருக்கெல்லாம் பொய் சொல்வோம். எங்களுக்குள் ஒரு தடவைகூட இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

உலோகம் எலும்பைப் பிடிக்கவில்லையாம். டிசம்பரில் மறுபடி திறப்பார்கள். "இந்த வருஷம் மலையை மறந்துடுங்க, ஹார்லன்." அந்தப் பெண் டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மறந்துடுங்களாம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஓரினிடம் சொன்னேன்.

"அப்ப நான் தனியாத்தான் போகணும். வேற என்ன பண்றது, ஃப்ரீசர் துடைச்சு வச்ச மாதிரி கிடக்கு. அடுக்களைக்குப் போறேன். உனக்குப் படம் எடுத்து அனுப்புறேன், அழாத."

"யாரு அழறா?"

"முதல் ஈரல் உனக்கு. வெங்காயம் போட்டு நானே வறுத்துத் தரேன்."

"ஈரல் நீ தின்னு. எனக்கு இதயம்."

"சரிடா, இதயம் உனக்கு."

சிரித்தேன். அவன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். அவன் அங்கே தனியாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. நாங்கள் கல் சேர்த்துக் கட்டிய அடுப்பில் அவன் மட்டும் தீ மூட்டுவான், அந்தச் சரிவில் அவன் மட்டும் உட்கார்ந்திருப்பான், அடுத்த வருடம் 'அன்னைக்கு நீ இல்லையே' என்று ஒரு கதை சொல்வான். நான் இல்லாத கதை ஒன்று அங்கே உண்டாகும்.

என் மனைவி வெர்னா இறந்தபோதுகூட இவ்வளவு அற்பமாக நான் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

அடுக்களையை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் படம் இரண்டு வருடம் முன்பு அக்டோபரில் எடுத்தது. ஓடைக்குப் பக்கத்தில், மூன்று மரத்துக்கு நடுவில், ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். பாறை என்று நினைத்தேன். பாறை இல்லை. எங்கள் கூடாரம்.

வெயில் விழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் நடுப்பகல். அந்த நேரத்தில் இரண்டு பேரும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருப்போம். அவன் குறட்டை விட்டுக்கொண்டு, நான் அவனைத் திட்டிக்கொண்டு. வானத்திலிருந்து எவனோ படம் எடுத்திருக்கிறான், எங்களுக்குத் தெரியாது.

ஓரினிடம் இதைக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை?

செப்டம்பர் 14, சனி

வேறு இடம் ஒன்று கிடைத்துவிட்டது. அடுக்களைக்குக் கிழக்கே ஏழு மைல், வேறு பாதை. மலை வயிற்றில் நீளமாக ஒரு திட்டு, பச்சை. மேலே அடர்ந்த மரம், கீழே எரிந்த காடு, ஓரத்தில் ஊற்று. படத்தில் விலங்குத் தடமே தெரிகிறது, நூல் நூலாக. பொய்யில்லை, நல்ல இடம்தான். நான் போயிருந்தாலும் போயிருப்பேன்.

மரக்கூட்டத்திலிருந்து திட்டுக்கு இறங்குகிற இடத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. மெல்லியது. மர நிழலாக இருக்கும். உயரக் கோடுகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன.

செப்டம்பர் 21, சனி

சொல்லிவிட்டேன்.

"தீவனக் கடையில கேள்விப்பட்டேன். வெளியூர் ஆளுங்களை வேட்டைக்குக் கூட்டிட்டு வர்ற ஏதோ கம்பெனியாம், இந்த வருஷம் அடுக்களைக்கு ஏறுற பாதை வாசல்லயே கூடாரம் போடுறாங்களாம். பதினாலு குதிரை."

ஏன் பதினாலு? எண் சொன்னால் பொய் நிற்கும். ஊராரிடம் பழகிய வித்தை.

ஓரின் காப்பியைக் கீழே வைத்தான். "யார் சொன்னது?"

"கடையில. பேர் கேட்கல."

"பதினாலு குதிரையா?"

"பதினாலு."

எனக்குக் காது சுட்டது. திரையைத் திருப்பி அந்தத் திட்டைக் காட்டினேன். ஒவ்வொன்றாக விளக்கினேன், மரம், புல், ஊற்று, தடம். விளக்க விளக்க எனக்கே ஆசை வந்துவிட்டது. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்தான்.

"இது என்ன, குறுக்கால கறுப்பா?"

"நிழல்டா."

"நிழலா?"

"மரத்தோட நிழல். காலையில எடுத்த படம்."

"சரி. நீ சொன்னா சரி."

குறியை அவன் போனுக்கு அனுப்பினேன். அவன் போனபின் அந்தக் கோட்டை வேறு தேதியில் பார்க்கலாம் என்று நினைத்தேன். இடுப்பு வலித்தது. படுத்துவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

சொல்லிவிடலாமா? 'டேய், குதிரையும் இல்லை ஒன்றும் இல்லை, நான் இல்லாமல் நீ அங்கே போகாதே' என்று. சொன்னால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது.

அக்டோபர் 19, சனி

ஆர்டித் உருளைக்கிழங்கும் ஹாம் பன்றிக்கறியும் போட்டுச் சுட்டதைப் பாத்திரத்தோடு கொண்டுவந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் வருவாள், இன்று சனிக்கிழமையே வந்துவிட்டாள். காரணம் இருந்தது.

"தனியா போறாரு. புது இடம் வேற. வழி எப்படிங்க, நீங்க பார்த்தீங்கல்ல?"

"சுலபமான வழி. மூணு மைல் பாதை, அப்புறம் ஒரு இறக்கம், அவ்வளவுதான்."

"அந்த அவசர பட்டன் வச்ச கருவியை வாங்கிக் குடுத்தேன். கழுத்துல மணி கட்ட நான் என்ன மாடான்னு கேட்கிறாரு. நீங்களாவது சொல்லுங்களேன்."

"நான் சொன்னா எப்ப கேட்டிருக்கான்?"

"நீங்க சொன்னா மட்டும்தான் கேட்பாரு," என்றாள் ஆர்டித்.

அக்டோபர் 25, வெள்ளி

காலை பத்து மணிக்கு வண்டியோடு வந்தான். என் கறிப்பைகளும் நெற்றி விளக்கும் கொடுத்தேன். அவனுடைய விளக்கை நம்பிப் போக முடியாது. பட்டன் கருவி எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன், சிரித்தான். ஞாயிறு சாயங்காலம் திரும்புவான்.

வண்டியைக் கிளப்பிவிட்டு மறுபடி கண்ணாடியை இறக்கினான்.

"அடுத்த வருஷம் ரெண்டு பேரும்டா."

"போடா, பனி வருது."

அக்டோபர் 26, சனி

திறப்பு நாள். ஐம்பது வருடத்தில் முதல் முறையாகத் திறப்பு நாளில் நாற்காலியில். விடியலில் இருந்தே பனி, ஜன்னல் ஓரம் ஆறு அங்குலம். மேலே ஓர் அடி இருக்கும். நல்லதுதான், தடம் தெரியும். அவனுக்கு நல்லது. இப்படி நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

நேற்று சாயங்காலம் வரவில்லை. பனியில் வண்டி மாட்டியிருக்கும், கொம்பன் அடித்திருந்தால் இரண்டு நடை சுமக்க வேண்டும், இப்படி ஆர்டித்திடம் போனில் என்னென்னவோ சொன்னேன். இன்று காலை ஏழு மணிக்கு அவளே மாவட்டப் போலீஸ் ஷெரீபைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு ஜோலீன் வந்தாள். இந்த மாவட்டத்தின் தேடும் குழுவுக்கு அவள்தான் தலைவி. பனி ஒட்டிய பூட்ஸோடு என் சமையலறையில் நின்றாள்.

"அவங்க வீட்டம்மா அடுக்களைன்னு ஒரு இடம் சொல்றாங்க. எப்பவும் அங்கதான் போவாராம். அது எங்க இருக்கு?"

"அங்க இல்ல அவன்."

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"நான்தான் வேற இடத்துக்கு அனுப்பினேன்."

குறியைக் கொடுத்தேன். போகும் வழியையும் கோடு போட்டுக் கொடுத்தேன். ஜோலீன் போனில் வாங்கிக்கொண்டு, "இது போதும், பாதி வேலையை முடிச்சுக் குடுத்துட்டீங்க," என்றாள்.

வாசலில் ஆறு வண்டி. தேவாலயத்தில் என்னிடம் இடம் கேட்ட அந்தப் புது ஆளும் பனியில் நடக்கக் காலில் மாட்டும் கட்டைகளோடு வந்திருந்தான். நான் அவனுக்கு எலிகூட இல்லாத இடத்தைச் சொன்னவன். எனக்கு நல்லபடியாகக் கையசைத்துவிட்டுப் போனான்.

ஐயோ, மடையா, கால் உடைஞ்சு கிடந்தாலும் பரவாயில்ல, தீ மூட்டிக்க. தீ மூட்டத் தெரியும்ல உனக்கு. மூட்டிக்கடா.

அக்டோபர் 29, செவ்வாய்

கிடைத்துவிட்டான்.

மத்தியானம் ஒன்றரைக்கு ஜோலீன் நேரில் வந்து சொன்னாள். மரக்கூட்டத்திலிருந்து திட்டுக்கு இறங்குகிற இடத்தில் குறுக்கே ஒரு பாறைச் சுவர். முப்பத்து மூன்று அடி. பனி மூடி விளிம்பே தெரியவில்லை. சனிக்கிழமை காலையிலேயே நடந்திருக்கும். துப்பாக்கியில் ஒரு குண்டுகூடச் செலவாகவில்லை.

"வலிச்சிருக்காது," என்றாள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு, "உங்க குறி மட்டும் இல்லன்னா வசந்தம் வரைக்கும் தேடியிருப்போம், சார்," என்றாள்.

அவள் போனதும் திரையைத் திறந்தேன். அதே இடம். தேதியை மாற்றினேன். மார்ச் மாதம், மாலை வெயில். வெள்ளைப் பனிக்கு நடுவில் அந்தச் சுவர் முழுசாக நிற்கிறது, பாறையின் வெடிப்புகூடத் தெரிகிறது. குழந்தை பார்த்தாலும் தெரியும். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முகம் தெரியாதவனுக்கெல்லாம் வகுப்பு எடுத்தேனே. என் ஓரினுக்குப் பார்க்கலையே. ஏன் பார்க்கல? அந்த இடம் நல்ல இடமா இருக்கணும்னு எனக்கு அவசரம். நல்ல இடமா இருந்தா நான் சொன்னது பொய் இல்லைன்னு ஆயிடும்ல. அதான் பார்க்கல. வேற காரணமே இல்ல.

நவம்பர் 2, சனி

ஓரினின் இரங்கல் ஆராதனை. கீழ்த்தளத்தில் சாப்பாடு, ஹாம் வைத்த பன், ஊறுகாய், காப்பி. வரிசையாக வந்து என் முதுகில் தட்டுகிறார்கள். ஹார்லனின் குறிதான் அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தது என்று பாதிரியாரே மேடையில் சொல்லிவிட்டார். ஓடிப்போக வேண்டும் போலிருந்தது. நாலு கால் தாங்கியோடு எங்கே ஓடுவது.

ஆர்டித் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லன்னா அவரை ஓநாய்க்கு விட்டிருப்பேங்க," என்றாள். அவர்கள் மகள் பிரிட்டா நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்தவள், என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

நான் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பன் முழுவதையும் தின்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஆர்டித் வரவில்லை. துக்க வீடு, எப்படி வருவாள்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்றும் இல்லை. போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவது என் ஜன்னலிலிருந்து தெரிகிறது.

நவம்பர் 15, வெள்ளி

அந்தப் புது ஆள் வந்து என் வாசல் பனியை அள்ளிப் போட்டான். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். "நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, படத்தைத் தேதி மாத்திப் பார்க்கணும்னு. நான் இப்ப அப்படித்தான் பார்க்கிறேன் சார். அது என் உயிரைக் காப்பாத்தும்," என்றான்.

நாளைக்குப் போகிறேன். போய்ச் சொல்லிவிடுகிறேன். அவள் என்னை வாசலில் வைத்தே அனுப்பினாலும் சரி.

நவம்பர் 16, சனி

போனேன். இருநூறு அடி தூரத்துக்கு இருபது நிமிடம்.

ஆர்டித் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அடுக்களையில் கூடாரமும் இல்லை, குதிரையும் இல்லை, தீவனக் கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் இல்லாமல் அவன் அங்கே போகக் கூடாது என்பதற்காக நானே கதை கட்டினேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. அலமாரிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்தாள். ஷெரீபு ஆபீஸிலிருந்து திருப்பிக் கொடுத்த பை. உள்ளே அவன் கண்ணாடி, கத்தி, சின்ன நோட்டு.

"படி."

படித்தேன். பென்சில் எழுத்து. அவள் முன்னால் நின்று படித்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை மறக்காது.

'வெள்ளி. மேகம், காற்று இல்லை, மாலையில் பனி வரும். போகும் வழியில் வண்டியைத் திருப்பி அடுக்களை வாசலை எட்டிப் பார்த்தேன். கூடாரம் இல்லை, குதிரை இல்லை, சாணிகூட இல்லை. ஹார்லனுக்கு நான் தனியாக அங்கே போவது பிடிக்கவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் பதினாலு குதிரை. கிழட்டுக் கழுதை. இருக்கட்டும், அடுத்த வருடம் இரண்டு பேருமாக. அவன் சொன்ன இடத்துக்கே போகிறேன். பொய் சொல்வான், ஆனால் வரைபடத்தில் தப்பு விட மாட்டான்.'

நோட்டைத் திருப்பி நீட்டினேன்.

"நாலாம் தேதி இது என் கைக்கு வந்துச்சு," என்றாள் ஆர்டித். "பன்னெண்டு நாளா பார்த்துக்கிட்டிருக்கேன், நீயா வந்து சொல்லுவியான்னு."

"இன்னும் ஒண்ணு இருக்கு ஆர்டித்."

அதையும் சொன்னேன். அந்தக் கறுப்புக் கோடு. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து கேட்டது. நிழல் என்று நான் சொன்னது. இரண்டு நிமிட வேலை என்பதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டு வந்துவிட முடியாது.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேட்டாரா? அது என்னன்னு உன்கிட்ட கேட்டாரா?"

"கேட்டான்."

"நீ பார்க்காமலேயே சொன்னியா?"

"ஆமா."

"பொய் சொன்னதை அவரே மன்னிச்சிட்டாரு ஹார்லன், எழுதியே வச்சிட்டாரு. அதுல நான் சொல்ல ஒண்ணுமில்ல." நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். "இதை அவரு மன்னிக்கல. அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். நீ போ."

வந்துவிட்டேன். மேஜையில் அவளுடைய பாத்திரம் கழுவித் துடைத்து அப்படியே இருக்கிறது, அக்டோபர் பத்தொன்பதிலிருந்து. எடுத்துப் போக மறந்துவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

வேட்டைக் காலம் முடிந்தது.

டிசம்பர் 19, வியாழன்

இடுப்பை நேற்று மறுபடி திறந்தார்கள். மயக்கம் தெளியும்போது நர்ஸிடம் 'அது நிழல் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அந்தப் பாத்திரத்தை அந்தப் புது ஆளிடம் கொடுத்து அனுப்பினேன். வாங்கிக்கொண்டாளாம். ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். "நன்றின்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லல சார். எனக்குத்தான் சொன்னாங்க," என்றான். நேர்மையான ஆள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நான்கு மாதமாகத் திரையைத் திறக்கவில்லை. இன்று திறந்து, நான் போட்டு வைத்திருந்த குறிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். இருநூற்றுப் பதினொன்று. கால் வைக்காத இடங்கள்தான் பெரும்பாலும். அடுக்களையை மட்டும் விட்டேன்.

கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை போய் வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

பிரிட்டாவிடமிருந்து செய்தி. நவம்பருக்குப் பிறகு முதல் வார்த்தை.

'அப்பாவின் சாம்பலை அடுக்களையில் கரைக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். அந்த இடம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அனுப்புங்கள்.'

ஐந்து நாள் கேட்டேன்.

ஜூலை 5, சனி

ஐந்து நாளும் அதுதான் வேலை. முப்பது வருடம் நடந்த வழி, கண்ணை மூடிக்கொண்டு போவேன். இருந்தும் ஏழு தேதிப் படங்களை வைத்துப் பார்த்தேன், அங்குலம் அங்குலமாக. ஓடையை எங்கே தாண்டுவது, எந்த மரம் விழுந்து கிடக்கிறது, ஆர்டித்தின் முழங்காலுக்கு எங்கே உட்கார இடம். நிழல் போலத் தெரிந்த ஒவ்வொன்றையும் இன்னொரு வெயிலில் பார்த்தேன். எல்லாம் நிழல்தான். எல்லாவற்றுக்கும் குறி போட்டு அனுப்பினேன். முப்பது வருடம் யாருக்கும் சொல்லாத இடம். அனுப்பும் பொத்தானை அழுத்த ஒரு வினாடிகூட ஆகவில்லை.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

'இது உண்மையான இடம்தானா?'

கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த பெண், கேட்கத்தான் செய்வாள். ஆமாம் என்று எழுதினேன், அழித்தேன். என் 'ஆமாம்' அந்த வீட்டில் செல்லாது. பிறகு இப்படி எழுதினேன்: 'மூன்று வருடம் முன்பு அக்டோபரில் எடுத்த படத்தைத் திற. ஓடைப் பக்கம் மூன்று மரத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பெரிதாக்கு. அது எங்கள் கூடாரம். உள்ளே உன் அப்பா தூங்கிக்கொண்டிருக்கிறார்.'

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன், வாசலைப் பெருக்கினேன். மத்தியானத்துக்கு மேல் போன் ஒலித்தது. பிரிட்டாவே பேசினாள்.

"பார்த்தோம். அம்மா இன்னும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. மூடவே விட மாட்டேங்கிறாங்க."

"சரிம்மா."

"பன்னெண்டாம் தேதி போறோம். அந்தப் புதுசா வந்தவர் குதிரை ஏற்பாடு பண்றாரு, அவரு கூட வர்றாரு. நீங்க வர வேண்டாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

வரட்டுமா என்று நான் கேட்கவே இல்லை. சரி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இடுப்பு நன்றாக ஆறிவிட்டது. இனி மலை ஏறலாம் என்று போன வாரம்தான் டாக்டர் சொன்னாள்.